நாலு பிட் பிறந்த கதை

பழைய கல்யாண கேசட்டை பென்டிரைவில் ஏற்றித் தரும் கடைகள் சித்தூரிலும் திருப்பதியிலும் இன்னும் இருக்கின்றன. பெரும்பாலும் முன்னாள் போட்டோ ஸ்டுடியோக்கள். திருமலையில் தாலி கட்டி, கீழே இறங்கி வந்து சத்திரத்தில் பந்தி போட்ட குடும்பங்கள் எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அதையெல்லாம் வி.ஹெச்.எஸ். கேசட்டில் பிடித்து வைத்தார்கள். கேசட் இருக்கிறது, அது ஓடும் டெக் யார் வீட்டிலும் இல்லை. அதனால் கடைக்கு எடுத்து வருகிறார்கள். வேலை முடிந்து பெரிய டிவியில் போட்டுக் காட்டும்போது நடக்கும் பேச்சு ஏறக்குறைய எல்லாக் கடையிலும் ஒன்றுதான்.

"தம்பி, எங்க நாத்தனார் அப்போ நல்லா ஒல்லியா இருப்பாங்கப்பா. இதுல ரெண்டு சுத்து பெருத்துத் தெரியறாங்களே?"

"பழைய கேசட்டும்மா. டிவியும் பெருசு. அப்படித்தான் தெரியும்."

இந்தப் பதிலில் பாதிதான் உண்மை. கேசட் பழசானால் நிறம் வெளுக்கும், படத்தின் அடியில் கோடு ஓடும், நாதஸ்வரம் இழுபடும். ஆள் பெருக்க மாட்டார். நாத்தனார் பெருத்தது கன்வெர்ட் செய்த கம்ப்யூட்டரில். அகலம் நாலு, உயரம் மூன்று என்ற கணக்கில் எடுத்த படத்தைப் பதினாறுக்கு ஒன்பது என்ற திரையில் முழுக்க இழுத்து நிரப்பினால், உயரம் மாறாமல் அகலம் மட்டும் சரியாக மூன்றில் ஒரு பங்கு கூடும். மணப்பெண்ணின் வட்டப் பொட்டு பக்கவாட்டில் நீண்டுவிடும். மாப்பிள்ளையின் தலைப்பாகை தோளைத் தொடப் பார்க்கும்.

கடைக்காரர் ஏமாற்றவில்லை. அவர் திறந்த ஃபைலில் 'இந்தப் படம் நாலுக்கு மூன்று' என்று எங்கும் எழுதியிருக்கவில்லை, அல்லது எழுதியிருந்ததை அவருடைய சாஃப்ட்வேர் படிக்கவில்லை. ஒரு படத்தை எந்த வடிவத்தில் காட்ட வேண்டும் என்பதைப் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அது காட்டுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய சங்கதி. அந்தச் சங்கதியை ஃபைலுக்குள்ளேயே எழுதிவைக்கும் வழக்கம் வந்த கதை, சினிமா பிறந்த நாளிலிருந்தே தொடங்குகிறது.

எடிசனின் கூடத்தில் வேலை பார்த்த டபிள்யூ. கே. எல். டிக்சன், ஈஸ்ட்மேன் கம்பெனியின் 70 மில்லிமீட்டர் ஃபிலிமை நீளவாக்கில் இரண்டாக வெட்டி 35 மில்லிமீட்டர் சுருள் ஆக்கினார். இரண்டு ஓரத்திலும் துளை போட்டு, ஒரு படத்துக்கு நான்கு துளை உயரம் என்று வைத்தார். துளைகளுக்கு நடுவே மிஞ்சிய இடம் ஏறக்குறைய நாலுக்கு மூன்று. 1890-களின் தொடக்கத்தில் ஒரு தொழிற்கூடத்தில் தீர்மானமான இந்த அளவை, 1909-ல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் பொது அளவாக ஏற்றுக்கொண்டார்கள். பிறகு படம் பேசத் தொடங்கியது. ஒலிக்கான கோடு ஃபிலிமின் ஓரத்தில் இடம் பிடித்ததால் படம் கிட்டத்தட்ட சதுரமாகக் குறுகியது. யாருக்கும் பிடிக்கவில்லை. ஹாலிவுட்டின் அகாதமி 1932-ல் மேலும் கீழும் கொஞ்சம் மறைத்து, பழைய வடிவத்துக்கு அருகில் 1.37-க்குக் கொண்டுவந்து நிறுத்தியது.

சித்தூர் வி. நாகய்யாவின் படங்கள் எல்லாம் இந்த அளவுக்குள் வாழ்ந்தவை. குண்டூர்ப் பக்கம் ரேப்பல்லையில் பிறந்தவர். சித்தூர் நாடக மேடையில் பெயர் எடுத்ததால் ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1946-ல் அவரே இயக்கி நடித்த 'தியாகய்யா' எந்த ஊர்க் கொட்டகையில் ஓடினாலும் அதற்கு ஒரே லென்ஸ், ஒரே திரை. முதல் நாள் தமிழ்ப் படம், மறுநாள் தெலுங்குப் படம், இடையில் ஓர் இங்கிலீஷ் படம் என்று எல்லையோர ஊர்களில் மாற்றி மாற்றி ஓட்டினாலும் ஆபரேட்டர் வடிவத்தைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை. டெலிவிஷன் வந்தபோது அதன் கண்ணாடிக் குழாயும் சினிமாவைப் பார்த்து நாலுக்கு மூன்று ஆயிற்று. 1959-ல் டெல்லியிலும் 1975-ல் சென்னையிலும் தொடங்கிய ஒளிபரப்புகள் அந்த வடிவத்தில்தான் வந்தன. 2006-க்குப் பிறகு தமிழக அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குலக் கலர் டிவி வரைக்கும் அதே கதை. உலகம் முழுக்க ஒரே வடிவம் இருக்கும்போது அதை யாரும் எங்கும் எழுதிவைக்க மாட்டார்கள்.

குழப்பம் 1950-களில் தொடங்கியது. வீட்டில் உட்கார்ந்து டிவி பார்க்கும் அமெரிக்கர்களைத் தியேட்டருக்கு இழுக்க, வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது. 1952-ல் மூன்று புரொஜெக்டரை ஒன்றாக ஓட்டும் சினிராமா வந்தது. பிரமாதமான காட்சி, கட்டுப்படியாகாத செலவு. ஃபாக்ஸ் கம்பெனி வேறு வழி தேடிப் பிரான்சுக்குப் போனது. அங்கே ஆன்ரி கிரெட்டியன் என்ற வானியல் பேராசிரியர் 1920-களிலேயே ஒரு லென்ஸ் செய்து வைத்திருந்தார். படம் எடுக்கும்போது அகலத்தை மட்டும் பாதியாக அமுக்கி ஃபிலிமில் பதியும். காட்டும்போது அதற்கு இணையான இன்னொரு லென்ஸ் விரித்துக் கொடுக்கும். கால் நூற்றாண்டாகத் தேடுவாரில்லாமல் கிடந்த சரக்கு அது. 1953-ல் 'தி ரோப்' என்ற படத்தோடு சினிமாஸ்கோப் என்ற பெயரில் வெளியே வந்தது.

இங்கேதான் விஷயம் மாறுகிறது. ஃபிலிமில் இருக்கும் உருவமும் திரையில் தெரிய வேண்டிய உருவமும் முதல் தடவையாக வேறு வேறு ஆயின. தியேட்டர் வாசலில் கிடைக்கும் ஃபிலிம் துண்டுகளைச் சேர்த்து, பல்பில் தண்ணீர் ஊற்றி, அதை லென்ஸாக வைத்துச் சுவரில் படம் காட்டிய தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். சில துண்டுகளில் நடிகர்கள் சாதாரணமாக இருப்பார்கள். சிலவற்றில் நெடுநெடுவென்று, முகம் ஒடுங்கி, யாரென்றே மட்டுப்படாமல் இருப்பார்கள். இரண்டாவது வகை ஸ்கோப் படம். துண்டில் எந்தக் குறையும் இல்லை. பையன்களிடம் அந்த லென்ஸ் இல்லை, அவ்வளவுதான்.

இந்தியாவில் குரு தத்தின் 'காகஸ் கே ஃபூல்' 1959-லேயே ஸ்கோப்பில் வந்துவிட்டாலும் நம் பக்கம் தாமதம். தமிழில் 1973-ல் 'ராஜராஜ சோழன்', தெலுங்கில் மறு வருடம் கிருஷ்ணாவின் 'அல்லூரி சீதாராம ராஜு'. அதன் பிறகு புரொஜெக்டர் அறையில் இரண்டு லென்ஸ் இருந்தாக வேண்டும். அன்றைய சட்டப்படி ஒவ்வொரு காட்சிக்கும் முன்னால் அரசின் நியூஸ்ரீல் போட வேண்டும். அது பழைய அளவு. மெயின் படம் ஸ்கோப். நியூஸ்ரீல் முடிந்து சென்சார் சர்ட்டிபிகேட் வருவதற்குள் ஆபரேட்டர் லென்ஸை மாற்றி, ரீலுக்கு முன்னால் இருக்கும் ஓட்டைத் தகட்டை மாற்றி, திரையின் இரு பக்கத்துக் கறுப்புத் துணியை விலக்க வேண்டும். மறந்தால் சிவாஜி கணேசன் ஒட்டடைக்குச்சியாக வந்து நிற்பார். பெஞ்சிலிருந்து விசில் பறக்கும், "டேய், லென்ஸைப் போடுடா!" என்று குரல் வரும். அரை நிமிடத்தில் ராஜராஜன் தன் உடம்பைத் திரும்பப் பெறுவார்.

பெட்டியின் மேல் 'ஸ்கோப்' என்று எழுதி ஒட்டியிருக்கும். மீதி ஆபரேட்டரின் தலையில் இருந்தது. லைசென்ஸ் வாங்கிய ஒரு மனிதர், ஒரு சீட்டு, கீழே தப்பென்றால் கத்துவதற்கு ஐநூறு பேர். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் அன்றைய ஏற்பாடு. எனக்கு இதைவிட நம்பகமான முறை பிறகு வந்ததாகத் தோன்றவில்லை.

டிவிக்கு அப்படி ஓர் ஆபரேட்டர் கிடையாது. ஸ்கோப் படத்தை டிவியில் போட இரண்டே வழி. மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட்டு முழுப் படத்தையும் காட்டலாம். இல்லையென்றால் நடுவில் ஒரு துண்டை மட்டும் வெட்டிப் பெட்டியை நிரப்பலாம். வெட்டினால் நூற்றில் நாற்பத்து மூன்று பங்கு படம் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் ஒருவர் மூக்கும் இன்னொருவர் காதும் மட்டும் திரையில் இருக்க, நடுவே இருக்கும் தூண் வசனம் பேசியதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர்.

அதற்குப் பிறகு புள்ளிகள் வந்தன. அங்கேதான் நம் நாத்தனாரின் தலைவிதி எழுதப்பட்டது.

கேசட்டில் புள்ளி கிடையாது. நம் ஊர் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடு, கண்ணுக்குத் தெரிவது 576. ஒவ்வொரு கோடும் இடமிருந்து வலம் அறுபடாமல் ஓடும் மின் அலை. அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் எண்களாக்க, ஒரு கோட்டை எத்தனை துண்டாக நறுக்குவது? அமெரிக்கா, ஜப்பான் பக்கம் 525 கோடு, நொடிக்கு 30 படம். ஐரோப்பா, இந்தியா பக்கம் 625 கோடு, நொடிக்கு 25 படம். இரண்டு முறைக்கும் தனித்தனி இயந்திரம் செய்தால் விலை ஏறும். ஒரே நறுக்கு வேகம் இரண்டுக்கும் பொருந்த வேண்டும் என்று இரு பக்கத்துப் பொறியாளர்களும் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். கிடைத்த எண் நொடிக்கு ஒரு கோடியே முப்பத்தைந்து லட்சம் நறுக்கு. இந்த வேகத்தில் நம் கோடு ஒன்றுக்குச் சரியாக 864 துண்டு, அமெரிக்கக் கோட்டுக்கு 858. கோட்டின் ஓரங்களில் படமில்லாத பகுதியைக் கழித்து, இரண்டு பக்கமும் 720 என்று வைத்துக்கொள்வோம் என்று கை குலுக்கினார்கள். 1982-ல் அது உலக விதியாகி, 601-ஆம் எண் பரிந்துரை என்று பெயர் பெற்றது.

அழகான சமரசம். ஆனால் அதன் விலையைப் பாருங்கள். நம் படம் 720 புள்ளி அகலம், 576 உயரம். அமெரிக்கப் படம் 720 அகலம், 480 உயரம். இரண்டுமே காட்டப்பட வேண்டிய வடிவம் நாலுக்கு மூன்று. 720-ஐ 576-ஆல் வகுத்தால் 1.25 வருகிறது, 480-ஆல் வகுத்தால் 1.5. எதுவும் 1.33 இல்லை. புள்ளி சதுரமாக இருந்தால் இந்தக் கணக்கு ஒருநாளும் ஒட்டாது. ஆகவே புள்ளியின் வடிவம் மாறியது. நம் புள்ளி உயரத்தைவிட அகலம் கொஞ்சம் அதிகம், 16-க்கு 15. அமெரிக்கப் புள்ளி ஒடுக்கம், 8-க்கு 9. டிவி ஸ்டூடியோவில் இருந்த யாருக்கும் இதனால் ஒரு தொந்தரவும் இல்லை. கண்ணாடிக் குழாய் தன் வடிவத்துக்கு இழுத்துக் காட்டிவிடும்.

கம்ப்யூட்டர்காரர்கள் வேறு தெருவில் இருந்தார்கள். 1984-ல் வந்த மெக்கின்டாஷும் 1987-ல் வந்த வி.ஜி.ஏ. திரையும் சதுரப் புள்ளியை வழக்கமாக்கின. வட்டம் வரையச் சொன்னால் வட்டம் வர வேண்டும் என்பது அவர்களுக்கு முக்கியம். இந்த இரண்டு தெருவும் வெகுகாலம் சந்திக்கவே இல்லை. பிறகு கேப்சர் கார்டு என்ற ஒன்றை வாங்கி, கேசட் டெக்கின் வயரைக் கம்ப்யூட்டரில் சொருகினார்கள், அன்றைக்குச் சந்தித்தன.

இதற்கிடையில் இன்னொரு கை வடிவத்தையே மாற்றிக்கொண்டிருந்தது. ஜப்பானின் என்.ஹெச்.கே. அகலமான உயர்தர டிவி ஒன்றை உருவாக்கி, அதற்கு 5:3 என்ற வடிவம் கேட்டது. அமெரிக்காவின் சினிமா - டெலிவிஷன் பொறியாளர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசிய குழுவில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்பவர் இருந்தார். 1980-களில் அவர் செய்த காரியம் பள்ளிக்கூடப் பையன் செய்வது போல எளிமையானது. அதுவரை புழக்கத்தில் இருந்த சினிமா, டிவி வடிவங்களை எல்லாம் ஒரே பரப்பளவு உள்ள செவ்வகங்களாக வரைந்தார். நடுப்புள்ளி ஒன்றாக இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். எல்லாவற்றையும் உள்ளடக்கும் வெளிச் செவ்வகம் 1.77. எல்லாவற்றுக்கும் பொதுவான உள் செவ்வகமும் 1.77. பதினாறுக்கு ஒன்பது என்று முடிவாயிற்று.

எந்தப் படத்துக்கும் சொந்தமில்லாத வடிவம் அது. அதில் முழுக்க ஒட்டும் பழைய படம் ஒன்றுகூடக் கிடையாது. நாகய்யாவுக்குப் பக்கத்தில் பட்டை, ராஜராஜனுக்கு மேலும் கீழும் பட்டை. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் நஷ்டம் என்பதால் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். அதில் ஒரு சின்ன கணித வேடிக்கையும் உண்டு. நாலுக்கு மூன்றை அதனாலேயே பெருக்கினால் பதினாறுக்கு ஒன்பது. இன்னொரு தரம் பெருக்கினால் 64-க்கு 27, அதாவது ஸ்கோப்புக்குப் பக்கத்தில் 2.37.

அதன் பிறகு சில காலம் நாலுக்கு மூன்று டிவியும் பதினாறுக்கு ஒன்பது டிவியும் ஒரே கடையில் விற்றன. இரண்டுக்கும் ஒரே தகட்டில் படம் தர வேண்டியிருந்தது. புள்ளி எண்ணிக்கை 720-க்கு 576 என்பது ஏற்கெனவே நிலைத்துவிட்டது. மாற்றினால் எல்லாக் கருவியையும் மாற்ற வேண்டும். ஆகவே கிரெட்டியனின் பழைய தந்திரத்தைத் திரும்ப எடுத்தார்கள். அகலப் படத்தையும் அதே 720 புள்ளிக்குள் அமுக்கிவிடு. இரண்டு வகைப் படத்துக்கும் எண்ணிக்கை ஒன்றே, புள்ளியின் வடிவம் மட்டும் வேறு. அப்படியானால் 'ஸ்கோப்' என்று பெட்டியில் ஒட்டிய சீட்டு மாதிரி ஏதாவது வேண்டுமே? டிவிடிக்கும் டிஜிட்டல் ஒளிபரப்புக்கும் அடிப்படையான எம்பெக்-2 முறையில் அந்தச் சீட்டுக்கு நான்கு பிட் ஒதுக்கினார்கள்.

அதை நேரில் பார்க்கலாம். நம் முறையில் செய்த ஒரு டிவிடி ஃபைலை, எண்களாகக் காட்டும் எடிட்டரில் திறந்தால் படத்தின் தலைப்புப் பகுதியில் 2டி, 02, 40 என்று மூன்று பைட் வரும். பதினாறடி எண் முறையில் அதுதான் 720-ம் 576-ம். அதற்கு அடுத்த பைட்டைப் பாருங்கள். 23 என்று இருந்தால் படம் நாலுக்கு மூன்று. 33 என்று இருந்தால் பதினாறுக்கு ஒன்பது. பின்னால் இருக்கும் 3 நொடிக்கு 25 படம் என்பதற்கு. முன்னால் இருக்கும் அந்த ஒற்றை 2 அல்லது 3-தான் லைசென்ஸ் வாங்கிய ஆபரேட்டர். டிவிடியில் இதே சேதி வேறொரு சின்ன ஃபைலிலும் எழுதியிருக்கும். அங்கே ஒன்றும் இங்கே இன்னொன்றுமாக இருக்கும் தகடுகளும் உண்டு. பிளேயரில் சரியாக ஓடுவது கம்ப்யூட்டரில் சப்பையாகத் தெரிவதற்கு அது ஒரு காரணம்.

சீட்டு எழுத இடம் இருக்கிறது. ஆனால் வழியில் எல்லா ஊரிலும் அதை வாங்கி வைத்துக்கொள்ள ஆள் இல்லை. மைக்ரோசாஃப்ட் 1992-ல் கொண்டுவந்த ஏ.வி.ஐ. ஃபைலின் முதல் அமைப்பில் இந்தக் குறிப்புக்கு இடமே கிடையாது. பிறகு வந்த ஹெச்.264 முறையில் எழுதலாம், எழுதாமலும் விடலாம். எம்.பி.4 உறையில் தனியாக இன்னோர் இடம். ஒரு கல்யாண கேசட் முதலில் ஏ.வி.ஐ. ஆகி, அங்கிருந்து வி.சி.டி. ஆகி, அந்த வி.சி.டி.யிலிருந்து பிற்பாடு எம்.பி.4 ஆகியிருந்தால் மூன்று எல்லைச் சாவடி. எங்கே சீட்டு விழுந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. வி.சி.டி. என்றால் அதன் புள்ளிக் கணக்கும் தனி. 352-க்கு 288; சதுரப் புள்ளியில் சரியாகக் காட்ட 384-க்கு 288 ஆக்க வேண்டும்.

கன்வெர்ட்டர் சாஃப்ட்வேர்களில் 'விகிதத்தை அப்படியே வை' என்று ஒரு டிக் இருக்கும். அதைப் போட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நம்புகிறவர்கள் அதிகம். எனக்கு அந்த டிக் மேல் பெரிய மரியாதை இல்லை. எந்த விகிதத்தை வைப்பது என்று அதற்குத் தெரிய வேண்டுமே! புள்ளி சதுரமில்லை என்று தெரியாத சாஃப்ட்வேர் 720-ஐ 576-ஆல் வகுத்து, 1.25-ஐ அக்கறையாகக் காப்பாற்றும். நாத்தனார் இந்த முறை கொஞ்சம் இளைத்துப் போவார், பதினாறில் ஒரு பங்கு. அவர் ஆட்சேபிக்க மாட்டார் என்பது வேறு விஷயம். அதே சாஃப்ட்வேர் அகலப் படத்தை அந்த 1.25-இல் வைத்தால் கிட்டத்தட்ட முப்பது சதவீதம் ஒடுங்கி, 1973-ன் பெஞ்சு விசில் ஞாபகம் வரும்.

இதில் நல்ல பொறி ஒன்று 1440-க்கு 1080 என்ற அளவில் இருக்கிறது. 2000-களின் நடுவில் கல்யாண வீடியோகாரர்கள் வாங்கிய ஹெச்.டி.வி. கேமராக்கள் பதிந்தது இந்த அளவில். புள்ளி நாலுக்கு மூன்று அகலம் என்று வைத்து விரித்தால் முழு 1920-க்கு 1080, பதினாறுக்கு ஒன்பது. பழைய கேசட்டை ஹெச்.டி. உயரத்துக்கு ஏற்றினால் வருவதும் 1440-க்கு 1080-தான். அங்கே புள்ளி சதுரம், படம் நாலுக்கு மூன்று. எண்ணிக்கை ஒன்று, படங்கள் இரண்டு. ஃபைல் பெயரையோ அளவையோ பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஒரே ஃபோல்டரில் இரண்டும் கிடந்தால் ஒன்று கட்டாயம் கெடும்.

சரியாகச் செய்கிற கடைக்காரர் செய்வது இதுதான். கேசட்டை 720-க்கு 576-இல் பிடிக்கிறார். தருவதற்கு முன் சதுரப் புள்ளியாக மாற்றி 768-க்கு 576 ஆக்குகிறார். அகலப் படமாக இருந்தால் 1024-க்கு 576. வாடிக்கையாளர் பெரிய டிவிக்குக் கேட்டால் 1440-க்கு 1080 ஆக உயர்த்தி, இரண்டு பக்கமும் 240 புள்ளிக்குக் கறுப்புப் பட்டை வைக்கிறார். சதுரப் புள்ளி என்றால் சீட்டு தொலைந்தாலும் நஷ்டமில்லை. ஆனால் பட்டை வைத்த ஃபைலை வாங்கிப் போன வீட்டில் "ஏன் டிவி ரொம்பல?" என்று கேட்பார்கள். ரிமோட்டை எடுத்து இழுத்து நிரப்புவார்கள், இல்லையென்றால் பெரிதாக்குவார்கள். பெரிதாக்கினால் உயரத்தில் கால் பங்கு வெட்டுப்படும். கல்யாண வீடியோவில் அது பெரும்பாலும் மணமக்களின் தலை அல்லது ஹோமகுண்டம். காசு கொடுத்த டிவியில் ஓரம் காலியாக இருந்தால் மனசு ஒப்புவதில்லை. கடைக்காரர்கள் இழுத்தே கொடுத்துவிடுவதற்கு அறியாமையைவிட இது பெரிய காரணம்.

செல்போன் காலத்தில் சீட்டுக்கு இன்னொரு வேலை சேர்ந்திருக்கிறது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தாலும் உள்ளே இருக்கும் கேமரா படத்தைப் படுக்கையாகத்தான் பதிகிறது. 'காட்டும்போது தொண்ணூறு டிகிரி திருப்பு' என்று ஒரு குறிப்பு மட்டும் கூடப் போகிறது. பிரம்மோற்சவத்தில் மாட வீதியில் நின்று எடுத்த கருட சேவை வீடியோவை ஏதாவது ஒரு பழைய எடிட்டரில் போட்டால், குறிப்பு உதிர்ந்து கருடன் பக்கவாட்டில் பறப்பார். அதை எல்லோரும் உடனே கண்டுபிடித்துச் சரிசெய்துவிடுகிறார்கள். மூன்றில் ஒரு பங்கு பெருத்துப் போன படத்தை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. கண் இரண்டு நிமிடத்தில் பழகிக்கொள்கிறது, பத்து வருடம் கழித்து அந்த நாத்தனாரின் பேத்திகளுக்குப் பாட்டி அப்படித்தான் இருந்தார் என்று ஆகிவிடுகிறது.

திருமலை திருப்பதி தேவஸ்தானம் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பக்தி சேனலை 2008-ல் தொடங்கியபோது நம் வீடுகளில் இருந்தவை பெரும்பாலும் நாலுக்கு மூன்று பெட்டிகள். இன்று அந்த வாகன சேவைகள் பார்க்கப்படுவது அகலத் திரையிலும் போனிலும். பழைய பதிவுகளைக் கையில் வைத்திருக்கும் எந்த நிலையத்துக்கும் எந்த வீட்டுக்கும் இந்தத் தலைவலி ஒன்றுதான்: மூல கேசட் போய்விட்டது, யாரோ எப்போதோ கன்வெர்ட் செய்த ஒரு ஃபைல் மட்டும் மிச்சம், சரியான வடிவம் எது என்று சொல்ல ஆள் இல்லை.

அதற்கு வழி உண்டு. டிவி நிலையங்கள் நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் காட்டிய டெஸ்ட் கார்டில் பெரிய வட்டம் ஒன்று இருக்கும். பெட்டி படத்தை இழுக்கிறதா, அமுக்குகிறதா என்று மெக்கானிக் பார்ப்பது அதை வைத்துத்தான். கல்யாண ஃபைலில் டெஸ்ட் கார்டு இல்லை. வட்டங்கள் நிறைய இருக்கின்றன. நேராகக் கேமராவைப் பார்க்கும் மணப்பெண்ணின் பொட்டு, சுவர்க் கடிகாரம், வேனின் சக்கரம், காரின் ஸ்டியரிங். சாய்ந்து தெரியும் வட்டத்தை எடுக்கக் கூடாது. தாம்பாளமும் வாசல் கோலமும் அதனால் உதவாது. படத்தை நிறுத்தி, புள்ளிக்குப் புள்ளியாக எடுத்து அளக்க வேண்டும். அகலம் 40, உயரம் 30 வந்தால் யாரோ நாலுக்கு மூன்றைப் பதினாறுக்கு ஒன்பதாக இழுத்திருக்கிறார்கள். அகலத்தை முக்கால் ஆக்கினால் போதும். அகலம் 30, உயரம் 32 என்றால் 720-க்கு 576-ஐ யாரோ சதுரப் புள்ளியாக எண்ணியிருக்கிறார்கள். 768-க்குக் கொண்டுபோக வேண்டும். அகலம் 45, உயரம் 64 என்றால் உள்ளே இருப்பது அமுக்கிய அகலப் படம், 1024. ஒரே வட்டத்தை நம்பாமல் இரண்டு மூன்று அளந்து பார்ப்பது நல்லது, சிலர் பொட்டை நீளமாகவே வைப்பார்கள்.

புள்ளிகள் கெடாமல் சீட்டு மட்டும் தப்பாக இருந்தால் படத்தை மறுபடி கன்வெர்ட் செய்யவே வேண்டாம். உறையில் உள்ள குறிப்பை மட்டும் திருத்தித் தர இலவசக் கருவிகள் இருக்கின்றன, மூன்று மணி நேரக் கல்யாணத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நிஜமாகவே இழுத்துப் பதிந்திருந்தால் திரும்ப அமுக்க வேண்டியதுதான். கொஞ்சம் தெளிவு குறையும். கேசட்டில் பூஞ்சை பிடிக்காமல் இருந்தால், அந்த ஃபைலோடு மல்லுக்கட்டாமல் டெக் வைத்திருக்கும் கடைக்குக் கேசட்டையே எடுத்துப் போவது மேல்.